ஒரிஜினல் கிறுக்கல்

ஜூன் 3, சனி

தினமும் பிரஷர் பார்த்து ஒரு டைரியில் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிமெண்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி தொடாமல் கிடந்தது. இவ்வளவு பெரிய பக்கத்தில் இரண்டு எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூட எனக்கு மனசு வரவில்லை. நான் எதையும் வீணாக்காத ஆள். மிச்ச இடத்தில் அன்றன்றைக்கு நடந்ததை எழுதலாம் என்று இருக்கிறேன்.

142/90. மாங்காய் ஊறுகாய்தான் காரணம்.

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை விற்பது பழனியில் பஞ்சாமிர்தம் விற்பது மாதிரி. சரக்கு போகும், ஆனால் எதிர்த்த கடையிலும் அதே சரக்கு போகும். கடையை மட்டும் நம்பினால் கரண்ட் பில் கட்டலாம், அவ்வளவுதான். அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆன்லைனில் இறங்கினேன். அங்கே என்னிடம் ஓடுவது ஒரே ஒரு பொருள்தான்: 'இந்திய வீரர் டேவிட் ஞானமுத்து கையெழுத்துடன் ஹாக்கி மட்டை.'

ஞானமுத்து அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர். எண்பதுகளில் இந்தியாவுக்காக ஆடியவர். பெனால்டி கார்னரில் அவர் ஓங்கினால் கோல்கீப்பர் விலகி நின்று வழிவிடுவான் என்று சொல்வார்கள். தொண்ணூற்று நாலில் என் கடையைத் திறந்துவைத்து, ஒரு மட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தைப் படம் பிடித்து, சிவகாசியில் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய ஸ்டிக்கரில் அச்சடித்து, புது மட்டையில் ஒட்டி, மேலே ஒரு கை வார்னிஷ் அடித்தால் நேற்றுத்தான் போட்ட மாதிரி இருக்கும். இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. விற்பனைப் பக்கத்தில் 'அச்சிட்ட கையெழுத்து' என்று போட்டிருக்கிறேன். எடை, நீளம், எத்தனை நாளில் வந்து சேரும், திருப்பி அனுப்பும் விதிமுறை, இவற்றுக்கெல்லாம் கீழே இருக்கிறது. படிக்கிறவர்கள் படிக்கலாம். யார் கண்ணையும் நான் பொத்தவில்லை.

ஜூன் 5, திங்கள்

148/92. வெயில்.

நாக்பூரிலிருந்து ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். இது அவர் கையால் போட்டதா? 'ஞானமுத்துவின் கையெழுத்தேதான் சார்' என்று பதில் அனுப்பினேன். பக்கத்தில் மட்டைக்கு அட்டை சுற்றிக்கொண்டிருந்த செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

"அவரு கேட்டது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு."

"பொய்யா சொன்னேன்? அது அவரு கையெழுத்துதானே?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று டேப்பைக் கடித்து அறுத்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவள் ஒன்றும் சொல்லாத நாள் ஒன்றுகூடக் கிடையாது.

நாக்பூர்க்காரர் வாங்கிவிட்டார்.

ஜூன் 8, வியாழன்

பெரிய ஆர்டர். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி வைத்திருக்கும் நடராஜமூர்த்தி என்பவர் கூப்பிட்டார். காலேஜில் ஹாக்கி ஆடியவராம். போன வருஷம் நம் கடையில் ஒரு மட்டை வாங்கித் தன் ஆபீஸ் அறையில் மாட்டியிருக்கிறாராம்.

"தெனமும் அதைப் பாத்துட்டுத்தானுங்க சீட்டுலயே உக்கார்றேன்" என்றார்.

கம்பெனிக்கு இருபத்தைந்தாவது வருஷம். ஜூலை பதினைந்தில் விழா. முக்கியமான டீலர்கள் இருபத்தைந்து பேருக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். எல்லாம் ஞானமுத்து கைப்பட, அவர் கையெழுத்துப் போடுகிற போட்டோவோடு. நான் சரி சரி என்று தலையாட்டி முடித்து, போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கைப்பட என்றால் அண்ணாச்சி வீட்டுக்குப் போயாக வேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

150/94. போகவில்லை. கடையில் வேலை.

ஜூன் 10, சனி

போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

செண்பகம் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் போனேன்.

அண்ணாச்சியைப் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். நடுக்குவாதம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். போகணும் போகணும் என்றுதான் இருந்தேன். முதலில் கொரோனா. அப்புறம் கடை வேலை. அப்புறம் சிவகாசியிலிருந்து ஸ்டிக்கர் வந்துவிட்டது.

சர்ச்சுக்குப் பின்னால் வீடு. மகள் ஜெபராணி ஸ்கூல் டீச்சர், அவள்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கைக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தார். அடியில் இருந்தபடியே அது ஆடிக்கொண்டிருந்தது.

"வாரும்வே. வழி தெரிஞ்சுதா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். "இருபத்தஞ்சா!" என்று இரண்டு தடவை சொன்னார். "கடைசியா எங்கிட்ட யாரு கையெழுத்துக் கேட்டா தெரியுமா? பென்ஷன் ஆபீஸ்ல. நான் உசுரோட இருக்கேன்னு எழுதி வாங்குனாவ."

ஜெபராணி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "ரெண்டு வாரம் குடும்வே. மட்டைய இங்கன எறக்கிரும். கொஞ்சம் பழகணும்."

டீ வந்தது. "ஆன்லைன்ல யாவாரமெல்லாம் எப்படிப் போவுது?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குப் புரையேறிவிட்டது. பரவாயில்லை அண்ணாச்சி என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றார். இதுவரை போன ஸ்டிக்கருக்கு அவருக்கு ஒரு டீகூட நான் வாங்கிக் கொடுத்ததில்லை. அவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை கூலி பேசியிருக்கிறேன், ஜெபராணியிடம். அதனால் எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது.

ஜூன் 17, சனி

144/90. குருமலை ஸ்கூலுக்குப் பந்து அனுப்பினேன். ஒரு டஜன் கேட்டார்கள், எட்டுக்குத்தான் பணம் வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

ஜூன் 24, சனி

மட்டைகளை வாங்கி வந்தேன்.

என்ன எழுதுவது? தொண்ணூற்று நாலில் அவர் போட்ட கையெழுத்து ஒரே இழுப்பு, அவர் அடிக்கிற பந்து மாதிரி. இது அப்படி இல்லை. தொடங்கும்போதே மேலே ஏறி, பாதியில் மூச்சு வாங்கி, கடைசியில் சரிந்து மட்டையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. இருபத்தைந்தும் இருபத்தைந்து விதம். ஒன்றில் பேனா தெறித்து ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. அதன் பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று சின்னதாக எழுதியிருக்கிறார். அதையும் நடுங்கித்தான் எழுதியிருக்கிறார்.

போட்டோ எடுத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படிவே இருக்கு?"

"பிரமாதம் அண்ணாச்சி."

ஜூன் 25, ஞாயிறு

பேக்கிங். செண்பகம் நம் ஸ்டிக்கர் மட்டை ஒன்றை எடுத்து அண்ணாச்சியின் மட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல எது ஒரிஜினல்னு என்னக் கேட்டா, நான் உங்க ஸ்டிக்கரத்தான் காட்டுவேன்" என்றாள்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 26, திங்கள்

பார்சல் போய்விட்டது. 150/92.

ஜூன் 29, வியாழன்

நடராஜமூர்த்தி காலையிலேயே கூப்பிட்டார். குரலில் பழைய மரியாதை இல்லை.

"ஏனுங்க, என்னங்க இது? பால்வாடிக் கொழந்த கிறுக்கின மாதிரி இருக்குது?"

"சார், அது..."

"எங்கிட்ட ஒரிஜினல் இருக்குதுங்க. உங்க கடையில வாங்குனதுதான். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேன். இதுல ஒண்ணாச்சும் அந்த மாதிரி இருக்குதா? போட்டோவுல அவரு பேனாவப் பிடிச்சுட்டு உக்காந்தாப் போதுமுங்களா? போலியப் போட்டு என் தலைல கட்டலாம்னு பாக்கறீங்களா?"

நான் விற்ற போலியை வைத்து, நான் அனுப்பிய அசலைப் போலி என்கிறார். இப்படி ஒரு மனுஷனுக்கு நடக்குமா? எனக்கு நடந்திருக்கிறது.

அவர் அதோடு விடவில்லை. ஹாக்கிக்காரர்கள் குரூப் ஒன்று வாட்ஸப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டை பிடித்தவன் எல்லாம் அதில் உண்டு, எங்கள் ஊர் ஆட்கள் பாதிப்பேர் உண்டு, ஜெபராணியும் உண்டு. அதில் இந்த மட்டைகளைப் படம் எடுத்துப் போட்டு, 'இப்படிக் கிறுக்கல் வந்தால் வாங்காதீர்கள், ஞானமுத்து பெயரில் போலி' என்று எழுதப்போகிறாராம். அதை அண்ணாச்சி பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசித்தேன்.

"சார், சார், படம் போட்டுறாதிய. தப்பு நம்ம பக்கம்தான். கடைப் பையன் வெளையாட்டாக் கிறுக்கி வெச்சத மாத்தி அனுப்பிட்டான். நல்லதா இருபத்தஞ்சு உடனே அனுப்புதேன்."

"அப்படிச் சொல்லுங்க. நம்ம ஒரிஜினல் மாதிரியே வேணுமுங்க. இதயெல்லாம் திருப்பி அனுப்பிச்சுப்போடறேன்."

அண்ணாச்சியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அவர் மனசு நோகக் கூடாது என்றுதான்.

என் கடையில் பையனே கிடையாது.

ஜூன் 30, வெள்ளி

164/100. கருவாடு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று செண்பகத்திடம் சொன்னேன்.

"நம்ம வீட்டுல கருவாடு வெச்சு ஒரு மாசம் ஆவுது" என்றாள்.

ஜூலை 1, சனி

காலையிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டி வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நீங்களே ஒட்டுங்க, நீங்களே கட்டுங்க. யாரும் கேட்டா கடைப் பையன்தான் கட்டுனாம்னு சொல்லுங்க." நான் போனில் பேசியதை உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள்.

பத்து மணி சுமாருக்கு ஜெபராணி வந்தாள். நல்லவேளை, மட்டைகள் பின்கட்டில் காய்ந்துகொண்டிருந்தன. வாசனைக்கு மட்டும் என்ன செய்வது? மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணே, விழா போட்டோ வந்தா அப்பாக்கு மறக்காம அனுப்பிருங்க. தெனமும் கேக்காவ. யாரு யாரு கையில நம்ம மட்டை போவுதுன்னு பாக்கணுமாம். சர்ச்சுல ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்காவ."

"கண்டிப்பா."

"உங்களுக்குத் தெரியாது. காலைல மாத்தர போட்டு ஒரு மணி நேரந்தான் கை கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்துக்குன்னு காத்துக் கெடப்பாவ. ஒரு நாளைக்கு ரெண்டு மட்டை, மிஞ்சுனா மூணு. கடைசி மட்டை முடிச்ச அன்னிக்கு எங்கிட்ட ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னாவ, சின்னப்புள்ள மாதிரி."

அவள் போன பிறகு பின்கட்டில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இந்த ஸ்டிக்கர் மட்டைகள் கோயம்புத்தூர் போகும். விழாவில் இருபத்தைந்து பேர் அதைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். அந்த போட்டோவை அண்ணாச்சி பார்ப்பார். தான் போட்டது எது, போடாதது எது என்று தெரியாத ஆளா அவர்? அனுப்பாவிட்டால் குரூப்பில் அவர் கையெழுத்தைப் போலி என்று போடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடி அவருக்குத்தான் விழுகிறது. அடிக்கக் கம்பை எடுத்துக் கொடுத்தவன் நான்.

வெட்கமாக இருந்தது. டாக்டர் பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

சர்ச் முடிந்து அவர்கள் திரும்புகிற நேரத்துக்குப் போனேன். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் இருந்தார். உட்காரும் என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் வேறு பேச்சு வரும்.

"அண்ணாச்சி, கோயம்புத்தூர்க்காரரு மட்டையத் திருப்பி அனுப்புதாரு. அது உங்க கையெழுத்து இல்லங்காரு."

ஜெபராணி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

"எதுக்கு அப்படிச் சொல்லுதான்?"

"உங்க பழைய கையெழுத்து ஒண்ணு அவருகிட்ட இருக்கு. அதுதான் அசல்னு நெனைக்காரு. அது நான் வித்தது. ஸ்டிக்கர் அண்ணாச்சி. அச்சடிச்சு ஒட்டுனது. ரெண்டு வருசமா அப்படித்தான் வித்துக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவன் இல்லன்னு சொன்னப்ப நீரு என்ன சொன்னீரு?" என்று மட்டும் கேட்டார்.

இதை மறைத்திருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை.

"கடைப் பையன் கிறுக்கிட்டான்னு சொல்லிட்டேன்."

"உம்ம கடையில ஏதுவே பையன்?"

சிரித்தார். உடம்பு பூராவும் ஆடச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. "ஸ்டிக்கரு ஒட்டுனது வலிக்கலவே. பையன்னு சொன்னீரு பாரும், அது வலிக்கு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்தொரு வயசில் அடுத்தவர் வீட்டு நடுக்கூடத்தில் நின்று அழுதேன். செண்பகம் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

அண்ணாச்சி ஜெபராணிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் உள்ளே போய் ஒரு மட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வார்னிஷ் பளபளப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் மட்டை.

"போன வருசம் பொறந்தநாளுக்கு இவ வாங்கிக் குடுத்தா. அவளுக்கு நான்தான் எப்பமோ போட்டுக் குடுத்தேன்னு நெனப்பு. நான் தொட்டுப் பாத்ததும் கண்டுக்கிட்டேன். பெட்டியில உம்ம கடைப் பேரு இருந்துச்சு."

"ஏன் அண்ணாச்சி என்னக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீரு நிறுத்திருவீரு." கையை மடியிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார். அது காற்றில் எழுதிக்கொண்டிருந்தது. "இந்தக் கையி இப்படி ஆயிட்டு. அந்தப் பழைய கையி எங்கயாவது நாலு வீட்டுச் சொவத்துல இருக்குன்னு நெனைக்க நல்லாத்தாம்வே இருந்துச்சு. நீரு இந்த வேலையோட வந்தீருல்லா, அப்பம் இத முன்னால வெச்சுக்கிட்டுத்தான் பழகுனேன். பழைய காலண்டர் தாளு அம்புட்டயும் தீத்துட்டேன். என் கையெழுத்த நானே காப்பியடிச்சும் எனக்கு வரல."

ஜெபராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆனா இப்பம் கேட்டுக்கிடும். வாங்குறவன் நான்தான் போட்டேன்னு நெனச்சு ஏமாந்தா, என் பேர வெச்சுத்தான ஏமாறுதான்? தெரிஞ்சும் நான் சும்மா இருந்துருக்கேன். அந்தாளுக்குப் போனப் போடும்" என்றார்.

போட்டேன். விழா வேலையாக ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸில்தான் இருந்தார் நடராஜமூர்த்தி. எடுத்ததும், மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். உங்கள் அறையில் இருப்பது அச்சு. திருப்பி அனுப்புவதுதான் அசல். பையன் என்று யாரும் கிடையாது.

"இருங்க" என்றார். நாற்காலி நகர்ந்த சத்தம். கரக், கரக் என்று என்னவோ கேட்டது. சாவியையோ எதையோ வைத்து மட்டையைச் சுரண்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உரிஞ்சு வருதுங்க" என்றார். "ஒரு வருசமா ஸ்டிக்கரப் பாத்துட்டா சீட்டுல உக்காந்துட்டு இருந்திருக்கேன்?"

பிறகு திட்டினார். கொங்கு நாட்டுக்காரர் திட்டினாலும் கடைசியில் 'ங்க' வருகிறது என்பதைத் தவிர, அதில் வேறு ஆறுதல் ஒன்றும் இல்லை. எல்லாம் எனக்கு வேண்டியதுதான் என்று கேட்டுக்கொண்டேன். அண்ணாச்சி கையை நீட்டிப் போனைக் கேட்டார்.

"ஐயா, நான் ஞானமுத்து பேசுதேன். அந்தக் கிறுக்கல் என்னுதுதான்."

வீடியோவைப் போடச் சொன்னார். ஜெபராணி போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் வழுக்கைத் தலையோடு ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி மூலையில் கிடந்த ஒரு வெறும் மட்டையை எடுத்து, துண்டை முட்டுக் கொடுத்து மேசையில் படுக்கவைத்து, மார்க்கர் பேனாவின் மூடியைத் திறக்கவே மூன்று தடவை முயன்றார். யாரும் உதவிக்குப் போகவில்லை. பிறகு எழுத ஆரம்பித்தார். மாத்திரை நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது. பேனா ஏறியது, நின்றது, வழுக்கியது. கடைசி எழுத்து மட்டையை விட்டு இறங்கி மேசைமேல் நீளமாக ஓடிவிட்டது.

நிமிர்ந்து திரையைப் பார்த்தார். "கொஞ்சம் வெளிய போயிட்டு."

நடராஜமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றார், "அந்த மேசையையும் சேத்து அனுப்பிச்சுப்போடச் சொல்லுங்க."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். இருபத்தைந்து மட்டையும் இன்னும் நடராஜமூர்த்தியின் குடோனிலேயேதான் இருக்கிறதாம், நாளைக்குத்தான் அனுப்புவதாக இருந்தாராம். இனி அனுப்ப மாட்டாராம். என்னிடம் மட்டும் கடைசியில், "உங்க ஸ்டிக்கர் கதைய குரூப்புல எழுதத்தானுங்க போறேன். அத விட மாட்டேன்" என்றார்.

எழுதுங்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஜூலை 3, திங்கள்

132/84. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

ஜூலை 8, சனி

எழுதிவிட்டார். கடைப் பெயர், ஊர், என் பெயர் எல்லாம் போட்டு, உரிந்த ஸ்டிக்கரின் படத்தோடு. எதிர்த்த கடைக்காரர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு கோப்பையே கொடுக்கலாம். ஆன்லைன் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் வரிசையாக விழுகிறது. விழட்டும்.

இதுவரை வாங்கிய அத்தனை பேருக்கும் எழுதினேன். 'நீங்கள் வாங்கியது அச்சு, கைப்பட அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லாதது என் தப்பு. பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்.' செண்பகம்தான் வரிசையாக விலாசம் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்த முதல் நாள் இதுதான்.

சிலர் பணம் கேட்டார்கள். அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும். 'தெரிந்துதான் வாங்கினோம், சும்மா இரும்' என்றார்கள் சிலர். நாக்பூர்க்காரர் இந்தியில் எழுதியதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை. மதுரையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: அதை அவள் அப்பா கட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தாராம், போன மார்ச்சில் இறந்துவிட்டாராம். பணம் வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அதை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன்.

வார்னிஷ் அடித்து வைத்திருந்த இருபத்தைந்தையும் சுரண்டிவிட்டேன். ஸ்கூல் பிள்ளைகளுக்கு விற்கலாம். மட்டை நல்ல மட்டைதான்.

ஜூலை 16, ஞாயிறு

விழா போட்டோ வந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பெரிசாக்கிப் பார்த்தார். 'மன்னிக்கவும்' எழுதின மட்டை யாருக்குப் போயிருக்கிறது என்று தேடினார். முதலாளியே வைத்துக்கொண்டுவிட்டாராம்; அதற்குப் பதில், வீடியோவில் போட்ட மட்டை ஒரு டீலருக்குப் போயிருக்கிறது.

ஜூலை 23, ஞாயிறு

விற்பனைப் பக்கத்தை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. இரண்டு விதமாகப் போட்டிருக்கிறேன். ஒன்று அச்சு. அச்சு என்று முதல் வரியிலேயே, மட்டையின் படத்தைவிடப் பெரிதாக. அண்ணாச்சி பங்கு போக மிச்சம்தான் எனக்கு. இன்னொன்று கைப்பட. அதற்குக் கீழே அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் தட்டியது: 'கை நடுங்கும். கோணலாக வரும். நேராக வேண்டும் என்கிறவர்கள் அச்சை வாங்கிக்கொள்ளவும். மூன்று வாரம் ஆகும். அவசரப்படுத்தக் கூடாது.'

அச்சு ஒன்றுகூடப் போகவில்லை. கைப்படக் கேட்டு நாலு பேர் எழுதியிருந்தார்கள். நாலு மட்டையையும் தூக்கிக்கொண்டு காலையில், மாத்திரை நேரம் பார்த்துப் போனேன். அவர் எனக்கு முன்பே மேசையில் பேப்பரை விரித்து, பேனாவை எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனவே?"

"நாலு அண்ணாச்சி."

"நாலுதானா? என்ன கடை நடத்துதீரு?"

வியாபாரம் குறைந்ததற்கு ஒருவர் திட்ட, என் வயிறு குளிர்ந்தது இதுதான் முதல் தடவை. ஜெபராணி ஸ்கூல் வேலையாக வெளியே போயிருந்தாள். மட்டை உருளாமல் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. "பிடியும், ஆடாம" என்றார். எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் பேனாவைக் கொண்டுவந்து மட்டைமேல் வைத்தார். முதல் எழுத்தில் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்.

"நான் ஆடுனா வியாதி" என்றார். "நீரு ஏம்வே ஆடுதீரு?"